எல்லா லாட்டிஸ்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பது எப்படி?

கேள்வி இது: "பரப்பு 1 உள்ள எல்லா லாட்டிஸ்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு வட்டத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணிச் சராசரி பார்த்தால், அந்த வட்டத்தின் பரப்பே விடையாக வரும் என்கிறது ஸீகலின் தேற்றம். லாட்டிஸ்களோ எண்ணிலடங்காதவை. எதைக் கூட்டுகிறார்கள், எதால் வகுக்கிறார்கள்? கடைசியில் விடை வெறும் பரப்புதான் என்றால் இதில் அப்படி என்ன ஆழம்?"

கேள்வியின் பின்பாதி எனக்கும் ஒரு காலத்தில் இருந்த சந்தேகம். தேற்றத்தின் வாசகத்தைப் பார்த்தால் இதற்கு நிரூபணம் வேறு வேண்டுமா என்றுதான் தோன்றும். பொதுவரையறையை முதலில் கொட்டிவிட்டு உதாரணத்தைப் பிறகு தருவது பாடநூல் வழக்கம். நான் தலைகீழாகப் போகிறேன். 101 என்ற ஒரு பகா எண்ணை வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டால் தேற்றத்தின் உயிர் முழுவதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம் சதுரமாக அமையும். ஊடுபுள்ளி வைத்தால் ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி விழும். இவை எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் நீண்டால் அவை இரண்டும் லாட்டிஸ்கள். பொதுவாகச் சொன்னால், ஒரே கோட்டில் அமையாத இரண்டு வெக்டர்களை எடுத்து, முழு எண்களால் பெருக்கிக் கூட்டிக் கிடைக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது ஒரு லாட்டிஸ். அந்த இரண்டு வெக்டர்களும் அடைக்கும் இணைகரத்தின் பரப்புதான் லாட்டிஸின் பரப்பு. (அணிக்கோவை என்ற நல்ல சொல் பாடநூல் தமிழில் டிடர்மினன்ட்டுக்குப் போய்விட்டது. ஆகவே லாட்டிஸ் என்றே எழுதுகிறேன்.) ஒரே லாட்டிஸைப் பல வெக்டர் ஜோடிகள் தரலாம். (1, 0), (0, 1) என்ற ஜோடியும் (1, 0), (7, 1) என்ற ஜோடியும் தருவது அதே நேர்ப்புள்ளிதான். இந்தச் சங்கடம் பின்னால் முக்கியமாகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆயத்தொலைகள் இரண்டும் முழு எண்களாக உள்ள புள்ளிகளில், இரண்டாவது எண் முதல் எண்ணின் அ மடங்காக இருக்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மடங்கு என்பது 101ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பொறுத்தது. அ என்பது 0 முதல் 100 வரை எதுவாகவும் இருக்கலாம். அ = 10 என்றால் (1, 10), (2, 20) ஆகியவை உள்ளே வரும்; (11, 9) என்பதும் வரும், ஏனெனில் 110ஐ 101ஆல் வகுத்தால் மீதி 9. இப்படி 101 லாட்டிஸ்கள். முதல் எண் 101ஆல் வகுபடவேண்டும் என்ற நிபந்தனையில் இன்னொன்று. ஆக மொத்தம் 102. ஒவ்வொன்றின் பரப்பும் 101. எல்லாவற்றையும் 101இன் வர்க்கமூலத்தால் சுருக்கினால் பரப்பு 1 ஆகிவிடும். சுருக்குவதற்குப் பதில் வட்டத்தைப் பெரிதாக்கினாலும் ஒன்றுதான்: சுருக்கிய லாட்டிஸில் ஆரம் 1 உள்ள வட்டம், சுருக்காத லாட்டிஸில் ஆரம் √101 உள்ள வட்டம்.

இந்த 102க்கும் சராசரி எடுப்போம். லாட்டிஸ் லாட்டிஸாக எண்ணத் தொடங்கினால் நாள் முழுவதும் போகும். புள்ளி புள்ளியாக எண்ணினால் ஒரு நொடி. இரண்டு ஆயத்தொலைகளும் ஒருசேர 101ஆல் வகுபடும் புள்ளிகளை விட்டுவிட்டால், மற்ற எந்தப் புள்ளியும் இந்த 102 லாட்டிஸ்களில் மிகச் சரியாக ஒன்றே ஒன்றில்தான் இருக்கும். ஆகவே 102 லாட்டிஸ்களும் வட்டத்துக்குள் வைத்திருக்கும் புள்ளிகளின் மொத்தம், வட்டத்துக்குள் இருக்கும் சாதாரண முழு எண் புள்ளிகளின் மொத்தமேதான், ஆதிப்புள்ளி நீங்கலாக. அந்த எண்ணிக்கை 316. சராசரி 316/102, அதாவது 3.098. ஆரம் 1 உள்ள வட்டத்தின் பரப்பு பை, 3.1416. பகா எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சராசரி பையை நெருங்கிக்கொண்டே போகும், ஏனெனில் பெரிய வட்டத்துக்குள் இருக்கும் முழு எண் புள்ளிகளின் எண்ணிக்கை அதன் பரப்பை நெருங்கும்.

ஸீகல் தேற்றத்தின் உள்ளடக்கம் இவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட லாட்டிஸுக்கு எத்தனை புள்ளிகள் என்பது கடினமான கேள்வி. கேள்வியைத் திருப்பிப்போட்டு, ஒரு குறிப்பிட்ட புள்ளி எத்தனை லாட்டிஸ்களில் இருக்கிறது என்று கேட்டால், எந்தப் புள்ளிக்கும் ஒரே விடை. எல்லாப் புள்ளிகளையும் பாரபட்சமின்றி நடத்துவதால்தான் பரப்பு விடையாக வருகிறது.

அதே 102 லாட்டிஸ்கள் இன்னொன்றும் சொல்லும். எத்தனை லாட்டிஸ்களில் √101ஐ விடக் குறுகிய வெக்டர் இருக்கிறது? ஆதிப்புள்ளியில் நின்று பார்த்தால் வேறு புள்ளியால் மறைக்கப்படாத புள்ளிகளை மட்டும் எடுப்போம். ஆயத்தொலைகள் சார்பகா எண்களாக உள்ளவை. அவற்றை மறையாப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இவை 192. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்புறம் ஒரு துணை இருப்பதால் 96 இணைகள். ஒரே லாட்டிஸில் இப்படி இரண்டு இணைகள் இருக்க முடியுமா? முடியாது. இருந்தால் அவை அடைக்கும் இணைகரத்தின் பரப்பு 101இன் மடங்காக இருக்கவேண்டும். ஆனால் இரண்டின் நீளமும் √101க்குக் குறைவு என்பதால் அந்தப் பரப்பு 101க்குக் கீழேதான் வரும். ஆகவே 96 இணைகளும் 96 வெவ்வேறு லாட்டிஸ்களில் உட்கார்ந்திருக்கின்றன. 102இல் 96.

மீதி ஆறு எவை என்று தேடிப் பார்த்தேன். அ = 10, 91 ஆகிய இரண்டும் சாய்த்துவைத்த நேர்ப்புள்ளிகள்; அவற்றின் மிகக் குறுகிய வெக்டர் சரியாக √101. அ = 30, 37, 64, 71 ஆகிய நான்கிலும் மிகக் குறுகிய வெக்டரின் நீளம் √109. அடுத்த வெக்டர் √113, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 65 பாகைக் கோணம். ஊடுபுள்ளியில் அது 60 பாகை. அதாவது குறுகிய வெக்டருக்கு இடம் கொடுக்காமல் தப்பித்தவை சதுரமும், ஏறத்தாழ ஊடுபுள்ளியும் மட்டுமே. தளத்தில் எந்த லாட்டிஸாலும் ஊடுபுள்ளியை விஞ்சமுடியாது என்பது பழைய தேற்றம்: பரப்பு 1 என்றால் மிகக் குறுகிய வெக்டரின் நீளம் 1.0746ஐத் தாண்டாது.

இனி எல்லா லாட்டிஸ்களுக்கும் வருவோம். எண்ணிலடங்காதவற்றின் மேல் சராசரி எடுக்க, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும் ஓர் அளவை வேண்டும். எந்த அளவை? பரப்பு மாறாமல் தளத்தை இழுத்தாலும் சரித்தாலும் திருப்பினாலும் ஒரு லாட்டிஸ் இன்னொரு லாட்டிஸாகும். இந்த மாற்றங்கள் எதையும் பொருட்படுத்தாத அளவைதான் நியாயமானது. அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு மாறிலிப் பெருக்கம் தவிர அது ஒன்றே ஒன்றுதான். இத்தகைய அளவைகளுக்குப் பொதுவான தேற்றத்தை ஆல்ஃபிரட் ஹார் 1933இல் தந்தார், அதனால் அவர் பெயர்.

தளத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லாட்டிஸைத் திருப்பி, மிகக் குறுகிய வெக்டரைக் கிடைக்கோட்டில் படுக்கவைத்து, அதன் நீளம் 1 ஆகும்படி பெரிதாக்குங்கள். இரண்டாவது வெக்டரின் முனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதை −1/2க்கும் 1/2க்கும் இடையிலான நிலைக்குத்துப் பட்டைக்குள், அலகு வட்டத்துக்கு மேலே விழும்படி எப்போதும் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பகுதியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு லாட்டிஸ் வடிவம். ஒரே லாட்டிஸுக்குப் பல ஜோடிகள் என்ற பழைய சங்கடம் இங்கே தீர்ந்துவிடுகிறது. மேலே போகப் போக, பரப்பு 1 என்ற அளவில் பார்த்தால், குறுகிய வெக்டர் மேலும் மேலும் குறுகும். உயரம் உ என்றால் அதன் நீளத்தின் வர்க்கம் 1/உ. எடை, சாதாரணப் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. பட்டை முடிவில்லாமல் மேலே போனாலும் அதன் மொத்த எடை பை/3 என்ற முடிவுள்ள எண். சராசரி எடுக்கும்போது வகுக்கும் எண் இதுதான். உங்கள் முதல் கேள்விக்கு இதுவே நேர்விடை.

சரிபார்த்துக்கொள்வோம். 1ஐ விடக் குறுகிய வெக்டர் உள்ள லாட்டிஸ்கள் உயரம் 1க்கு மேலே இருப்பவை. அந்தப் பகுதியின் எடை சரியாக 1. மொத்தம் பை/3. ஆகவே நிகழ்தகவு 3/பை, அதாவது 0.9549. நம் 102இல் 96 என்பது 0.941. ஒன்று எண்களை எண்ணி வந்தது, இன்னொன்று வளைந்த ஒரு வடிவியலின் பரப்பிலிருந்து வந்தது. பகா எண் பெரிதாகப் பெரிதாக இரண்டும் ஒன்றாகும். அந்த 102 லாட்டிஸ்களும் பட்டைக்குள் ஹார் அளவைப்படியே பரவி விழுகின்றன என்பதுதான் இதன் பொருள்.

பரிமாணம் கூடினால் படம் வரைய முடியாதே தவிரக் கதை மாறாது. ந பரிமாண லாட்டிஸ்களின் அளவையைக் கார்ல் லுட்விக் ஸீகல் 1945இல் கணக்கிட்டார். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1940இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்துக்கு வந்திருந்த காலம் அது. பொருத்தமாக அளவிட்டால் மொத்த எடை ஜீட்டா(2), ஜீட்டா(3) என்று ஜீட்டா(ந) வரையிலான பெருக்கல்பலன். (ஜீட்டா(2) என்பது 1, 1/4, 1/9 என்று வர்க்கங்களின் தலைகீழ்களை எல்லாம் கூட்டினால் வரும் எண்; ஜீட்டா(3)க்கு வர்க்கத்துக்குப் பதில் கனம், இப்படியே மேலே.) வடிவியல் கேள்விக்கு ஜீட்டா மதிப்புகள் வந்து விழுவதைப் பார்த்து முதலில் திகைத்தேன். மறையாப் புள்ளிகளை நினைத்தால் திகைப்புத் தணியும்: தற்செயலாக எடுத்த இரண்டு முழு எண்கள் சார்பகா எண்களாக இருக்கும் வாய்ப்பு 1/ஜீட்டா(2), அதாவது 0.608. ந எண்களுக்கு அது 1/ஜீட்டா(ந). ஸீகலின் தேற்றத்தை நிரூபிக்கும் போக்கிலேயே மொத்த எடையும் பரிமாணம் பரிமாணமாக ஏறிவந்துவிடுகிறது.

அப்புறம் இதனால் என்ன பயன்? பெரிய பயன், ஒரு பொருளைக் காட்டாமலேயே அது இருக்கிறது என்று நிரூபிக்கலாம். ந பரிமாணத்தில் கன அளவு 2க்குக் கொஞ்சம் குறைவான ஒரு கோளத்தை ஆதிப்புள்ளியை மையமாக வைத்து எடுங்கள். அதற்குள் விழும் புள்ளிகளின் சராசரி 2க்குக் குறைவு. ஆனால் ஒரு லாட்டிஸ் உள்ளே ஒரு புள்ளி வைத்தால் அதன் எதிர்ப்புள்ளியும் உள்ளே வந்தாகவேண்டும். எண்ணிக்கை 0 அல்லது குறைந்தது 2. எல்லா லாட்டிஸ்களும் 2 வைத்திருந்தால் சராசரி 2க்குக் கீழே வராது. ஆகவே உள்ளே ஒன்றுமே வைக்காத லாட்டிஸ் இருந்தே தீரவேண்டும். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் பாதி ஆரமுள்ள கோளத்தை வைத்தால் ஒன்றோடொன்று இடிக்காது. மறையாப் புள்ளிகளை மட்டும் எண்ணினால் கொஞ்சம் கூடுதல் லாபம்: அடர்த்தி, அதாவது மொத்த இடத்தில் கோளங்கள் நிரப்பும் பங்கு, ஜீட்டா(ந) வகுத்தல் 2இன் அடுக்கு ந−1. மின்கோவ்ஸ்கி நிரூபணம் தராமல் சொல்லிச்சென்ற கருத்து இது. வியன்னாவின் எட்முண்ட் ஹ்லாவ்கா 1943இல் நிரூபித்தார். ஸீகலின் சராசரித் தேற்றம் அதற்கு ஒரு புதிய விளக்கமாகவே பிறந்தது.

இந்த வரம்பு சிறு பரிமாணங்களில் பரிதாபமானது. 8 பரிமாணத்தில் இது தரும் அடர்த்தி 0.0078, ஈ8 லாட்டிஸின் அடர்த்தி 0.2537, அதுவே உச்சம் என்று மரினா வியாசோவ்ஸ்கா 2016இல் நிரூபித்தார். 24 பரிமாணத்தில் லீச் லாட்டிஸ் இந்த வரம்பைப் போல் பதினாறாயிரம் மடங்கு அடர்த்தியானது. ஆனால் ஈ8, லீச் போன்ற அபூர்வங்கள் உயரே போகப் போகக் கிடைப்பதில்லை. ஆயிரம், பத்தாயிரம் பரிமாணங்களில் சராசரிதான் துணை. வேடிக்கை என்னவென்றால், அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரு லாட்டிஸை எடுத்தாலே, கன அளவு 2 உள்ள கோளத்துக்குள் ஒன்றுமில்லாமல் இருக்க ஏறத்தாழ 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் ஒன்றுக்கு மேல் நல்லவை! இருந்தும், எவ்வளவு உயர்ந்த பரிமாணத்துக்கும் "இதோ இதுதான்" என்று விதி சொல்லிக் கட்டிக்காட்ட இதுவரை எவராலும் முடியவில்லை. கையில் எடுத்த லாட்டிஸ் நல்லதா என்று சோதிப்பதே மலையைப் பிளக்கிற வேலை.

சராசரி வாதத்தையே கூர்மையாக்கும் முயற்சி இன்றும் நடக்கிறது. ரோஜர்ஸ் 1947இல் இந்த வரம்பைப் பரிமாணத்துக்கு நேர்விகிதமான ஒரு காரணியால் பெருக்கி உயர்த்தினார். 2013இல் அக்ஷய் வெங்கடேஷ் எல்லா லாட்டிஸ்களுக்கும் பதிலாகச் சமச்சீர் மிகுந்த லாட்டிஸ்களின் மேல் மட்டும் சராசரி எடுத்தார். அங்கே ஒரு புள்ளி உள்ளே வந்தால் அதன் சமச்சீர்த் துணைகள் கூட்டமாக வந்தாகவேண்டும். ஆகவே மேலே சொன்ன "0 அல்லது 2" என்பது "0 அல்லது மிகப் பல" ஆகிவிடுகிறது. அதனால் எண்ணற்ற பரிமாணங்களில் ரோஜர்ஸின் வரம்பைத் தாண்ட முடிந்தது. எனக்கு மிகப் பிடித்த வாதம் இது. அதே பழைய சாவி, வேறு பூட்டு. 2025இல் போவஸ் கிளார்டாக் பரிமாணத்தின் வர்க்கத்துக்கே விகிதமான முன்னேற்றத்தைக் கொண்டுவந்தார். அவர் தற்செயல் லாட்டிஸோடு நிற்காமல், அதற்குள் ஒரு நீள்வட்டக்கோளத்தைத் தற்செயலாகவே வளர்த்துக்கொண்டு போகிறார்.

இனி ஒரு எச்சரிக்கை. சராசரி என்றதும் "பெரும்பாலானவை அதற்கு அருகில் இருக்கும்" என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்ளும். 102 லாட்டிஸ்களுக்குத் திரும்புவோம். சராசரி 3.098. ஆனால் அ = 0 என்ற லாட்டிஸ் கிடைக்கோட்டில் ஓரலகு இடைவெளியில் புள்ளிகளை அடுக்கியிருக்கிறது; வட்டத்துக்குள் அதற்கு 20 புள்ளிகள். முதல் எண் 101ஆல் வகுபடும் லாட்டிஸுக்கும் 20. மொத்தம் 316இல் 40ஐ இரண்டே லாட்டிஸ்கள் அள்ளிக்கொண்டன. பட்டையின் உச்சியில், முடிவிலியை நோக்கிப் போகும் மூலையில் இருப்பவை இவை. லாட்டிஸ் வெளியில் முடிவிலிக்குப் போக இது ஒன்றுதான் வழி, அதாவது குறுகிய வெக்டர் பூச்சியத்தை நெருங்குவது. இதைக் குர்ட் மாஹ்லர் 1946இல் எல்லாப் பரிமாணத்துக்கும் நிறுவினார்.

அந்த மூலையின் எடை சிறிதுதான்: வெக்டர் 1/10ஐ விடக் குறுகியதாக இருக்கும் நிகழ்தகவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் சராசரி அதனால் கெடுவதில்லை. ஆனால் எண்ணிக்கையின் வர்க்கத்தைச் சராசரி எடுத்தால், தளத்தில் அது முடிவிலியாகிவிடும். மூன்று பரிமாணம் முதல் நிலைமை சீராகிறது. 1955இல் ரோஜர்ஸ் தந்த உயர் சராசரிச் சூத்திரங்கள் அங்கே வேலை செய்கின்றன. அவற்றைக் கொண்டு 1960இல் வோல்ஃப்காங் ஷ்மிட், பெரிதாகிக்கொண்டே போகும் பகுதிகளில், ஏறத்தாழ எல்லா லாட்டிஸ்களுக்கும் புள்ளி எண்ணிக்கை கன அளவை ஒட்டியே போகும், பிழை அதன் வர்க்கமூலத்தைவிடச் சற்றே பெரிது என்று காட்டினார்.

"ஏறத்தாழ எல்லா" என்ற இரண்டு சொற்களில்தான் எண் கோட்பாட்டுக்காரரின் வயிற்றெரிச்சல் இருக்கிறது. அவருக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு லாட்டிஸ். ஒன்றின் வர்க்கம் கூட்டல் இன்னொன்றின் வர்க்கம் கழித்தல் மூன்றாவதின் வர்க்கத்தின் √2 மடங்கு என்ற கோவை, எல்லாமே பூச்சியமாக இல்லாத முழு எண்களுக்குப் பூச்சியத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குமா? 1929இல் ஓப்பன்ஹைம் எழுப்பி, பின்னர் விரிவாக்கப்பட்ட ஊகத்தின் ஓர் உதாரணம் இது. சராசரி இங்கே கைகொடுக்காது. கோவையை மாற்றாத உருமாற்றங்களால் ஒரு லாட்டிஸைத் தொடர்ந்து நகர்த்தி, அது லாட்டிஸ் வெளியில் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கவேண்டும். ஊகத்தை இப்படி மாற்றி எழுதலாம் என்று கண்டவர் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தின் ரகுநாதன். 1980களின் நடுவில் மார்குலிஸ் அதை நிரூபித்தார். அதே மும்பை நிலையத்தின் தானி என்பவரும் மார்குலிஸும் சேர்ந்து பிறகு அதை மேலும் எடுத்துச் சென்றார்கள். அந்த நிரூபணங்களில் பாதி உழைப்பு, நகரும் லாட்டிஸ் மேலே சொன்ன மூலைக்குள் ஓடி மறைந்துவிடாது என்று காட்டுவதிலேயே போகிறது.

இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள். கணினியில் 1009 என்ற பகா எண்ணை எடுத்துக்கொண்டால் 1010 லாட்டிஸ்கள். √1009ஐ விடக் குறுகிய வெக்டர் உள்ளவற்றை எண்ணினால் 964க்கு அருகில் ஓர் எண் வரவேண்டும். பிறகு வட்டத்துக்குள் விழும் புள்ளி எண்ணிக்கையின் வர்க்கத்துக்குச் சராசரி எடுங்கள். அதையே 10007க்கும் செய்யுங்கள். முதல் சராசரி பையிலேயே நிற்கும். இரண்டாவது, பகா எண் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 9 கூடிக்கொண்டே போகும்.